வெள்ளி இரவு ஒரு விசில், சனி மதியம் வேறு விசில்: டிவிஷன் 3 கூடைப்பந்துப் பெற்றோரிடம் ஒரு கேள்வி

எடிசன்_அப்பா

வணக்கம். என் மகன் அமெரிக்காவின் வடகிழக்கே, நியூ இங்கிலாந்தில் ஒரு சிறிய கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறான். கூடைப்பந்து அணியில் ஃபார்வர்டு. டிவிஷன் 3, அதாவது கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவு என்பதால் விளையாட்டுக்கு உதவித்தொகை எதுவும் கிடையாது. ஆசைக்காகத்தான் விளையாடுகிறான், எங்களுக்கும் அது சந்தோஷம்தான். ஆனால் போன வாரம் நடந்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

வெள்ளி இரவு ஏழு மணிக்கு ஒரு ஊரில் ஆட்டம். முடிந்ததும் பஸ்ஸில் ஏறி அடுத்த ஊர், ஓட்டலில் தூக்கம், சனி மதியம் மூன்று மணிக்கு வேறொரு கல்லூரியுடன் ஆட்டம். நான் இரண்டுக்கும் காரில் பின்னாலேயே போனேன்.

வெள்ளிக்கிழமை நடுவர்கள் தொட்டாலே விசில் ஊதினார்கள். முதுகில் கை வைத்தான் என்று முதல் பாதியிலேயே இவனுக்கு மூன்று ஃபவுல். கோச் பென்ச்சில் உட்கார வைத்துவிட்டார். சரி, விதி விதிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை வேறு மூன்று நடுவர்கள். அன்றைக்கு உள்ளே நடந்தது மல்யுத்தம். இடுப்பைப் பிடித்துத் தள்ளுகிறார்கள், ஸ்கிரீன் (வழியை மறித்து நிற்பது) என்ற பெயரில் தோளால் இடிக்கிறார்கள், விசிலே இல்லை. ஆட்டம் முடிய ஏழு நிமிடம் இருக்கும்போது எதிரணிப் பையன் ஒருவன் வெளியிலிருந்து மூன்று புள்ளிக்கு எறிந்தான். ரீபவுண்டுக்கு, அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, இடம் பார்த்து என் மகன் முதுகைக் கொடுத்து நின்றான். பக்கத்தில் நின்றவன் சட்டென்று திரும்ப, முழங்கை இவன் புருவத்தில் இறங்கியது. யாரும் ஊதவில்லை. ஆட்டம் மறுபக்கம் ஓடிவிட்டது. இவனும் ஒரு கையால் புருவத்தைப் பொத்திக்கொண்டு கூடவே ஓடுகிறான். விரலிடுக்கில் வழிந்த ரத்தம் ஜெர்சியின் வெள்ளை எண்மேல் சொட்டிய பிறகுதான் ஆட்டத்தை நிறுத்தினார்கள். ஐந்து தையல்.

என் கேள்விகள் இவைதான். ஒரே விதிப்புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரே வார இறுதியில் இவ்வளவு வித்தியாசம் எப்படி வருகிறது? படிக்கிற பிள்ளைகளை 24 மணி நேரத்துக்குள் இரண்டு முறை இறக்குவது எந்த விதத்தில் நியாயம்? நான் கல்லூரியின் விளையாட்டுத் துறைக்குக் கடிதம் எழுதலாமா, இல்லை அது பையனுக்கே வினையாகிவிடுமா?

---

பாஸ்டன்_அம்மா

முதலில் ஒன்று கேட்கிறேன் அண்ணா. தையல் போட்டார்கள், சரி. தலையில் அடிபட்டதற்கான பரிசோதனை செய்தார்களா? கன்கஷன் (அடியால் மூளை அதிர்வது) என்று உறுதியானால் அன்றைக்குத் திரும்பவும் இறக்கக் கூடாது என்பது கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதி. ரத்தம் நின்றதும் பையன் "ஐ ஆம் ஃபைன்" என்றுதான் சொல்வான், என் மகனும் அப்படித்தான் சொன்னான். அணியின் அத்லெடிக் டிரெயினரை அவனே போய்ப் பார்க்கட்டும். தலைவலி, வெளிச்சத்தைப் பார்த்தால் கூச்சம், வகுப்பில் கவனம் நிற்காதது, இதில் ஏதாவது இருந்தால் மறைக்க வேண்டாம் என்று இன்றைக்கே போனில் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அட்டவணையைப் பற்றி: நானும் முதல் வருடம் இதே கோபத்தில்தான் இருந்தேன். நெஸ்காக் என்ற கான்ஃபரன்ஸின் (தங்களுக்குள் மோதும் கல்லூரிகளின் கூட்டமைப்பு) வழக்கத்தைப் பாருங்கள். மொத்தம் 11 கல்லூரிகள், ஒவ்வொன்றும் மற்ற பத்துடன் ஒரு முறை மோதும், பெரும்பாலும் வெள்ளி, சனி என்று ஜோடியாக. மெய்ன் மாநிலத்தில் கோல்பி, பௌடின், பேட்ஸ் கல்லூரிகள் மூன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேர ஓட்டத்துக்குள் இருக்கின்றன. கனெக்டிகட்டிலிருந்தோ நியூயார்க் பக்கமிருந்தோ ஒரு பஸ் அவ்வளவு தூரம் போனால், ஒரே பயணத்தில் இரண்டு ஆட்டத்தை முடித்துவிட்டு வருவதுதான் லாபம். இதையே செவ்வாய் ஒன்று, வியாழன் ஒன்று என்று பிரித்தால் பிள்ளைகள் இரவு இரண்டு மணிக்கு விடுதி திரும்பி, காலை எட்டரைக்குக் கெமிஸ்ட்ரி லேபில் நிற்க வேண்டும். வகுப்பு கெடக் கூடாது என்பதற்காகத்தான் உடம்பு கஷ்டப்படுகிறது. எனக்கு இது பிடித்திருக்கிறது என்று சொல்லவில்லை, காரணம் இருக்கிறது என்கிறேன்.

---

விசில்காரன்_பிஏ

நான் பென்சில்வேனியாவில் ஒன்பது சீசனாக நடுவர் வேலை பார்க்கிறேன், பள்ளி ஆட்டங்களும் சில சிறு கல்லூரி ஆட்டங்களும். நீங்கள் சொன்ன ஆட்டத்தை நான் பார்க்கவில்லை, அதனால் அந்த மூவரைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் நின்றவர்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை மட்டும் சொல்கிறேன்.

மூன்று நடுவர்களில் ஒருவர் கூடைக்கு அடியில் எல்லைக்கோட்டில் நிற்பார், அவர் லீட். பந்து இருக்கும் பக்கம் பின்னால் நிற்பவர் ட்ரெயில். எதிர்ப்பக்கம் நடுவில் சென்டர். ட்ரெயில் பக்கத்திலிருந்து மூன்று புள்ளிக்கு எறிந்தால், எறிந்தவன் பத்திரமாகத் தரையில் காலூன்றும்வரை அவர் கண் அவனை விட்டு நகராது. ரீபவுண்டு சண்டை மற்ற இருவரின் பொறுப்பு. இப்போது உங்கள் மகனுக்கும் லீடுக்கும் நடுவில் ஒரு பெரிய முதுகு வந்துவிட்டால், முழங்கை போனதை லீட் பார்க்க வழியே இல்லை. தலை பின்னால் போனது தெரியும், எதனால் என்று தெரியாது. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், பார்க்காததை ஊகித்து ஊதாதே என்பது. ஒரு எட்டு பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் இடைவெளி கிடைத்திருக்கும். அந்த ஒரு எட்டுதான் நல்ல நடுவருக்கும் சாதாரண நடுவருக்கும் உள்ள வித்தியாசம். நானும் அந்த எட்டைத் தவறவிட்டிருக்கிறேன். ஒரு பையன் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பார்த்திருந்தால் தண்டனை கடுமையானது. தோளுக்கு மேல் முழங்கையால் அளவுக்கு மீறி இடித்தால் ஃபிளாக்ரன்ட் 1 என்ற கடும் ஃபவுல்: இரண்டு ஃப்ரீ த்ரோவும் கொடுத்து, பந்தையும் அடிபட்ட அணிக்கே கொடுப்போம். அதைவிட மோசமானால் ஃபிளாக்ரன்ட் 2, ஆளை வெளியேற்றுவோம். பெரிய பல்கலைக்கழகங்களில் மேசை ஓரத்து மானிட்டரில் திரும்பப் பார்ப்பார்கள். சின்ன ஜிம்களில் பல இடங்களில் மானிட்டரே இருக்காது. அந்த நொடியில் கண்ணில் பட்டது மட்டும்தான் கையில் இருக்கும்.

வெள்ளிக்கும் சனிக்கும் உள்ள வித்தியாசத்துக்கு வருகிறேன். முதுகில் கை வைப்பதைப் பற்றி 2013-14 சீசனில் விதியை இறுக்கினார்கள். பந்து வைத்திருப்பவன்மேல் இரண்டு கையையும் வைத்தால் ஃபவுல், ஒரு கையை வைத்து எடுக்காமல் இருந்தால் ஃபவுல், மாற்றி மாற்றித் தொட்டால் ஃபவுல், கையை நீட்டித் தடுத்தால் ஃபவுல். இதில் குழப்பமே கிடையாது. குழப்பம் கூடைக்குப் பக்கத்தில்தான். அங்கே கூடைக்கு முதுகு காட்டி நிற்பவன்மேல், முழங்கையை மடக்கி முன்கையை வைக்க அனுமதி உண்டு. ஆனால் அவனை நின்ற இடத்திலிருந்து நகர்த்தினால் ஃபவுல். எவ்வளவு நகர்ந்தால் நகர்த்தியது? அரை அடியா, ஒரு அடியா? அதை அளக்கும் கோல் ஒவ்வொரு குழுவின் மனதிலும் இருக்கிறது. முதல் நான்கு நிமிடத்தில் எதை ஊதினோம், எதை விட்டோம் என்பதை இரண்டு அணியும் கவனித்து அதற்கேற்ப ஆடும். ஆரம்பத்தில் விட்டுவிட்டு இருபதாவது நிமிடத்தில் இறுக்கினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

உங்கள் இரண்டு கேள்வியும் எனக்கு ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது. முந்தின இரவு முப்பது நிமிடம் ஆடிய பையனுக்கு மறுநாள் மதியம் கால் ஒரு நொடி தாமதமாக வரும். அந்த ஒரு நொடியை ஈடுகட்ட அவன் கையை நீட்டுவான், இடுப்பைக் கொடுப்பான். கால் ஓய்ந்தால் கைதான் வேலை செய்யும். சனிக்கிழமை ஆட்டம் முரட்டுத்தனமாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் அது. மீதிப் பாதி எங்கள் பக்கம். நாங்களும் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள்தான். வெள்ளி ஐந்து மணிக்கு ஆபீஸிலிருந்து நேராக ஜிம்முக்கு ஓட்டி, மறுநாள் இன்னொரு ஊருக்கு ஓட்டியவனின் காலும் அந்த ஒரு எட்டை நகராது.

கடிதம் பற்றி: நீங்கள் எழுத வேண்டாம் சார். கோச்சுக்கு வழி இருக்கிறது. ஆட்டத்தின் வீடியோவில் அந்த இடத்தை வெட்டி, கான்ஃபரன்ஸில் நடுவர்களை மேற்பார்வை பார்ப்பவருக்கு அனுப்பலாம். எங்களுக்கு அப்படி கிளிப் வரும். "இங்கே எங்கே நின்றிருக்க வேண்டும்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவது, அரங்கில் நூறு பேர் கத்துவதைவிட அதிகம் உறைக்கும்.

---

கிளீவ்லாந்து_முன்னாள்

நான் யூஏஏ என்ற கான்ஃபரன்ஸில் உள்ள கல்லூரி ஒன்றில் படிக்கும்போது அணியில் மேனேஜர். பந்து துடைப்பது, வீடியோ எடுப்பது, எல்லாம் நான்தான். அங்கே எட்டு கல்லூரிகள், கிளீவ்லாந்து, அட்லாண்டா, சிகாகோ, செயின்ட் லூயிஸ், பாஸ்டன் பக்கம் என்று சிதறிக் கிடக்கும். அதனால் வெள்ளி ஒன்று, ஞாயிறு ஒன்று, நடுவில் சனி பயணம். விமானத்தில் போவோம். ஒரு நாள் இடைவெளி கிடைத்தது உடம்புக்கு நல்லதுதான். ஆனால் ஞாயிறு இரவு தாமதமாகத் திரும்பி திங்கள் காலை வகுப்பில் தூங்காத ஆள் அணியில் ஒருவர்கூட இல்லை. இடைவெளி விடுவது இலவசம் இல்லை, அதற்கான விலை வகுப்பறையில் போய் விழுகிறது.

இன்னொன்று. தேசியப் போட்டிக்குப் போகும் 64 அணிகளில், கான்ஃபரன்ஸை ஜெயித்து நேராகப் போகும் அணிகள் போக மீதியைத் தேர்ந்தெடுக்க 2024-25 முதல் என்பிஐ என்ற தரவரிசைக் கணக்கு வந்திருக்கிறது. எத்தனை ஜெயித்தாய் என்பதோடு யாருடன் ஆடினாய் என்பதும் அதில் சேரும். சீசனுக்கு 25 ஆட்டம்தான் அனுமதி. அதனால் கான்ஃபரன்ஸுக்கு வெளியே எளிய எதிரிகளை வைத்து உடம்பைத் தேற்றிக்கொள்ளலாம் என்று எந்த கோச்சும் துணிய மாட்டார்.

---

எடிசன்_அப்பா

எல்லாருக்கும் நன்றி. பாஸ்டன் அக்கா, உங்கள் பதிலைப் படித்த கையோடு போன் செய்தேன். தலைவலி இருந்திருக்கிறது, டிரெயினரிடம் சொல்லவில்லை. நான் சத்தம் போட்ட பிறகு போனான். கன்கஷன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் புதன்வரை பயிற்சியில் மோதல் எதுவும் வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்ட பிறகுதான் சாப்பாடு இறங்கியது.

விசில்காரன் தம்பி, நீங்கள் சொன்னதை மனதில் வைத்து இரண்டு ஆட்டத்தின் வீடியோவையும் ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். கடைசிப் பத்து நிமிடத்தில் எங்கள் பிள்ளைகள் கையை நீட்டிப் பிடித்ததை மட்டும் எண்ணினேன், ஊதினாலும் ஊதாவிட்டாலும். வெள்ளி ஐந்து. சனி பதினான்கு. அதில் நான்கு என் மகன். பக்கத்தில் ஆள் கடந்து போகும்போது காலை நகர்த்தாமல் இடுப்பில் கை போடுகிறான். நானே ஊதியிருப்பேன்.

முழங்கை விஷயத்தையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். லீட் நிற்கிறார். அவருக்கும் என் மகனுக்கும் நடுவில் எங்கள் அணியின் சென்டர் பையன், ஆறடி எட்டு அங்குலம், முழுக்க மறைத்துக்கொண்டு நிற்கிறான். அடித்த பையனின் முகமும் தெரிகிறது. பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். அடி விழுந்ததும் ஒரு கணம் திரும்பிப் பார்த்துக் கையை நீட்டுகிறான், அதற்குள் ஆட்டம் ஓடிவிட்டது.

கடிதம் எழுதப் போவதில்லை. ஆனால் கோச் அந்த கிளிப்பை அனுப்பினாரா என்று மகனை விட்டுக் கேட்கச் சொல்லலாமா, அதுவும் அதிகப்படியா?

---

விசில்காரன்_பிஏ

கேட்க வேண்டாம் சார். பெரும்பாலான கோச்சுகள் ஞாயிறு காலை காபி குடிக்கும்போதே வெட்டி அனுப்பிவிடுவார்கள். பையனிடம் வேறொன்று சொல்லுங்கள்: சனிக்கிழமை இரண்டாம் பாதியில் மூச்சு வாங்கினால் கையை உயர்த்தி மாற்று ஆளைக் கேட்கட்டும். இரண்டு நிமிடம் உட்கார்ந்து எழுந்தவனின் கால் தனியாகத் தெரியும், எங்களுக்கே தெரியும்.