மாரிக்கு எந்த வாகனம், என்ன டயர்? திருகோணமலை ஓட்டக்காரரின் அனுபவங்கள்

ஓர்ஸ்ஹில் வாசி:
யப்பான் ஹைபிரிட் கார் ஒன்று எடுக்க யோசனை. நிலாவெளி, கந்தளாய், மாதத்தில் ஒருக்கா கொழும்பு. ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் மழையில் ஓட வேணும். 4 சில்லும் இழுக்கிறது தேவையா? டயர் எதைப் பார்த்து வாங்கிறது?

பாலையூற்று டயர் வேலை:
4 சில்லு இழுவையை விடுங்கோ, முதலில் டயர். 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி திரும்பத் திறந்தபிறகு வருகிற கார்களில் சிலது பனிக்கால டயரோடேயே வந்து இறங்குது. பூ (ரோட்டில் படுகிற ரப்பர்க் கட்டைகள்) நிறைய இருக்கும், பார்க்கப் புதுசு மாதிரி. "டயர் செலவு மிச்சம்" என்று வாங்கிற ஆளுக்கும் சந்தோசம். பக்கச் சுவரில் ஆங்கிலத்தில் 'ஸ்டட்லெஸ்' என்று இருக்கா, மூன்று சிகர மலைக்குள்ளே பனிச்செதில் முத்திரை இருக்கா என்று பாருங்கோ. பூக்கட்டை ஒவ்வொன்றிலும் சவரக்கத்தியால் கீறின மாதிரி நெருக்கமாக நெளிகோடு ஓடும். அந்த ரப்பர் 7 பாகைக்குக் கீழேயும் இறுகாமல் இருக்கச் செய்தது. எங்கட தார் ரோட்டுச் சூட்டில் அளவுக்கு மீறி இளகும். பிரேக் போட்டால் கட்டைகள் வளையும், ஈரத்தில் நிற்கிற தூரம் கூடும், தேய்வும் வேகம். நுவரெலியாவுக்குப் போகத்தானும் தேவையில்லை. அங்கே உறைபனி புல்லில் விழும், ரோட்டில் பனி குவியிறதில்லை. 'எம் பிளஸ் எஸ்' (சேறும் பனியும்) எழுத்து மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம், அது ஜீப் டயர் பலதிலும் உண்டு.

அடுத்தது திகதி. பக்கச் சுவரில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கிற வரிசையின் கடைசி 4 இலக்கம் டயர் செய்த வாரமும் ஆண்டும்: 3824 என்றால் 2024ஆம் ஆண்டின் 38ஆம் வாரம். இது ஒரு பக்கச் சுவரில் மட்டுந்தான் இருக்கக்கூடும். உள்பக்கம் பார்க்கிற மாதிரிப் பூட்டியிருந்தால் குனிஞ்சுதான் பார்க்க வேணும். 6 வருசம் தாண்டினதைப் பூ இருந்தாலும் மாரிக்கு நம்பமாட்டன். புது டயரில் தவாளிப்பு ஏறத்தாழ 8 மி.மீ. ஆழம். அடியில் இருக்கிற குறுக்குத் திட்டு 1.6 மி.மீ. உயரம், பூ அந்த மட்டத்துக்கு வந்தால் டயர் முடிஞ்சுது. மழைப் பிடிப்பு 3 மி.மீ.க்குக் கீழேயே விழத் தொடங்கும், ஆனபடியால் மாரிக்கு முன்னம் 3 தான் என்ர எல்லை.

இரண்டு டயருக்குத்தான் காசிருக்கு என்றால் புதுசைப் பின்னுக்குப் போடுங்கோ, முன்சில்லு இழுக்கிற காரென்றாலும். முன்சில்லு வழுக்கினால் கார் நேரே போகும், ஸ்டியரிங்கில் தெரியும், கால் எடுத்தால் அடங்கும். பின்சில்லு வழுக்கினால் கார் சுழலும்.

கிண்ணியா வேன்:
அண்ணை டயரைச் சொன்னார், காத்தைச் சொல்லேல்லை. மழைக்குக் காத்தைக் குறைத்தால் பிடிப்பு வருமென்று இன்னும் பல பேர் செய்கினம். கடற்கரை மணலில் புதைஞ்சால் அது சரி, தார் ரோட்டில் நேர்மாறு. தேங்கின தண்ணீரை அமத்தி விலத்திறது டயருக்குள்ளே இருக்கிற அமுக்கம். 1960களில் நாசா விமானச் சில்லை வைத்துக் கண்ட சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், 32 பி.எஸ்.ஐ. காத்தமுக்கத்தில் சில்லு தண்ணீரில் மிதக்கிற வேகம் மணிக்கு 94 கி.மீ. அளவில் வரும், 22க்கு இறக்கினால் 78. கார் டயரில் அச்சொட்டாய் அதே எண் வராது, பூத் தேய்ஞ்சால் இன்னும் குறையும், ஆனால் போக்கு அதுதான். தம்பலகாமத்து வயல்வெளிப் பக்கம் தண்ணீர் படலமாய் நிற்கிற இடத்தில் இந்த வித்தியாசம் காணும் சறுக்க.

அளவு சாரதிக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். யப்பான் ஒட்டியில் 230 என்று கண்டு மிரள வேண்டாம், அது கிலோ பஸ்கால், 33 பி.எஸ்.ஐ. சில்லு ஆறியிருக்கையில் அடிக்க வேணும். ஓடி வந்த சூட்டில் கூடக் காட்டுதென்று இறக்கிவிடாதேங்கோ.

உப்புவெளி கராஜ்:
கார் தெரிவைப் பற்றி. ஹொக்கைடோப் பக்கத்து வாகனம் மலிவாய் வந்தால் அடியைத் தூக்கிப் பாருங்கோ. அங்கே பனி உருகவென்று ரோட்டில் உப்புப் போடுவினம், அது பிரேக் குழாயையும் சைலன்சர் இணைப்பையும் தின்னும். யப்பான் ஏலத்தில் வாகனத்தின் நிலையை எழுதித் தருகிற தாளில் 'எஸ்' துரு, 'சி' அரிப்பு. அங்கத்தைய உப்பு தின்ற மிச்சத்தை நிலாவெளிக் கடற்காத்து வந்து முடிக்கும். 4 சில்லு இழுவை கிளம்பத்தான் உதவும், நிற்க உதவாது. மேலதிக டிஃபரன்ஷலும் எரிபொருளுந்தான் வரும்.

ஹைபிரிட் சின்னக் கார்களுக்குத் தரை இடைவெளி 140–160 மி.மீ. அளவில்தான். சில்லின் அச்சு மட்டத்துக்குத் தண்ணீர் நின்றால் இறக்காதேங்கோ, முன்னுக்குப் போன லொறியின் அலை அதற்கு மேலே அடிக்கும். டொயோட்டா ஆக்குவா மாதிரிக் கார்களில் பெரிய பற்றரிக்குக் காத்து இழுக்கிற துவாரம் பின்சீட்டுப் பக்கம். கம்பளம் நனைஞ்சால் தண்ணீரோடு சேறும் அங்கே போகும், விசிறிதான் முதலில் போகும்.

தண்ணீருக்குள்ளே நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் பண்ண வேண்டாம். சிலிண்டருக்குள்ளே புகுந்த தண்ணீர் அமுங்காது, கொன்ரொட் (பிஸ்டனை இணைக்கிற தண்டு) வளையும். ஹைபிரிட்டில் இன்னொரு வில்லங்கம்: எஞ்சின் தானாய் ஸ்டார்ட் ஆகும், ஆனபடியால் பவர் பட்டனை அமத்தி முழுசாய் நிறுத்திப்போட்டுத் தள்ளுங்கோ.

நிலாவெளி ஓட்டோ:
எங்கட 4.00–8 டயரில் ரீபில்ட் (பழைய டயரில் புதுப் பூ ஒட்டினது) போட்டு மாரி ஓட்டுறவை, பின்னுக்கு இரண்டும் ஒரே பூவாய்ப் போடுங்கோ. ஒன்று தேய்ஞ்சு ஒன்று புதுசென்றால் பிரேக்கில் ஒரு பக்கம் இழுக்கும். பிளக் தொப்பி ரப்பர் வெடிச்சிருந்தால் மாற்றுங்கோ, மழையில் மிஸ் அடிக்கிறதில் பாதி அதுதான்.

கிண்ணியா வேன்:
ஹபரணை – கந்தளாய்த் துண்டில் இரவு 50க்கு மேலே போகாதேங்கோ, ஈர ரோட்டில் யானையின் கறுப்பு லைட்டுக்குப் பிடிபடாது. நீல வெள்ளை எல்.ஈ.டி. போட்டால் மழைத் துளிதான் தெரியும், ரோடு தெரியாது. ஹையேஸ் வேன் ஆட்களுக்கு: வெள்ளத்தால் வந்தால் பின் அச்சு எண்ணெயைப் பாருங்கோ. சூடான அச்சு தண்ணீரில் சடாரென்று ஆறுகையில் சீலாலேயும் பிரீதராலேயும் (காத்துப் போகிற துவாரம்) தண்ணீரை உள்ளே இழுக்கும். நிரப்புத் துளை ஆணியைக் கழற்றி விரல் விட்டுப் பார்க்க, பால்தேத்தண்ணி நிறமாய் இருந்தால் அன்றைக்கே மாற்ற வேணும், பியரிங் மாதக்கணக்காய்ப் பொறுக்காது.