முன்வலு, பின்வலு, பகிர்வலு

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். கார்களின் ‘ஃபிரண்ட் வீல் டிரைவ்’, ‘ரியர் வீல் டிரைவ்’, ‘ஆல் வீல் டிரைவ்’ மூன்றுக்கும் தமிழில் என்ன சொல் வைப்பது என்று நம் குழுவில் விவாதம் நடக்கிறது.

‘அனைத்துச் சக்கர இயக்கம்’ என்று போட்டு இந்த விவாதத்தை மூடிவிடலாம் என்கிறார் சென்னை நண்பர். மூட வேண்டாம், இரண்டு நாள் பொறுங்கள். மோட்டார் மெக்கானிசம் படிக்கிற பிள்ளைகளுக்கு நான் தமிழில் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். முன்சில்லு (முன்சக்கரம்) மட்டும் இழுக்கிற ஒரு சின்னக் காரை, நான்கு சில்லுக்கும் வலு போகிற காராக மாற்றுவதுதான் இப்போதைய பாடம். ஒவ்வொரு பந்தியிலும் இந்தச் சொல் வருகிறது. வாய்க்கு வராத சொல்லைக் கொடுத்தால் பிள்ளைகள் ‘ஃபோர் வீல்’ என்றே எழுதிவிட்டுப் போவார்கள். அவர்களைக் குறைசொல்லவும் முடியாது.

முதலில் ‘இயக்கம்’. ‘முன்சக்கர இயக்கம்’ என்று கரும்பலகையில் எழுதினால் பின்வரிசை வாங்கில் இருந்து சிரிப்பு வரும். யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறைக்கு இயக்கம் என்றால் ஆயுதம் ஏந்திய போராளிக் குழு என்ற ஒரு பொருள்தான், அதற்குச் சில்லு கிடையாது. சரி, அதை விடுவோம். பெரிய குறை வேறு. எந்தக் காரிலும் நான்கு சில்லும் இயங்கத்தான் செய்கின்றன. முன்சில்லு ஓட, பின்சில்லு உருளாமல் நின்ற காரை நான் கண்டதில்லை. எஞ்சினின் வலு எந்தச் சில்லுக்குப் போகிறது என்பதில்தான் வித்தியாசம். மற்றச் சில்லு சும்மா கூடவருகிறது.

கொழும்பு அக்காவின் ‘நாற்சில்லுச் செலுத்துகை’ கேட்க நன்றாக இருந்தாலும், எங்கள் பேச்சில் வாகனத்தைச் செலுத்துகிறவர் சாரதி. எஞ்சின் சில்லைச் செலுத்துகிறது என்றால் ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ‘உந்தல்’ என்றால் பௌதிகப் புத்தகத்து உந்தம், அதாவது மொமெண்டம், குறுக்கே வந்து நிற்கும். ‘எல்லாச் சில்லு’ நீளமாக இருக்கிறதென்று ‘எச்சில்லு’ ஆக்கச் சொன்ன தம்பிக்கு ஒரு வேண்டுகோள்: அதை ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது சில்லா சக்கரமா என்ற சண்டை. இங்கே தாளில் முச்சக்கர வண்டி, துவிச்சக்கர வண்டி எல்லாம் உண்டு. ஆனால் வாயில் சில்லுதான். காற்றுப் போவதும் சில்லுக்குத்தான். சென்னையிலோ சில்லு என்றால் உடைந்த துண்டு, அல்லது கணினிக்குள் இருக்கிற சிப். இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. அதனால் சொல்லில் இருந்து சில்லையும் சக்கரத்தையும் சேர்த்தே கழற்றிவிட்டால் என்ன?

எனக்கு இந்த யோசனை கராஜில்தான் வந்தது. மருமகனின் காரைக் கடற்கரைப் பக்கம், மணற்காட்டில், புதைத்துவிட்டு வந்த அடுத்த நாள். பின்சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறையச் சாமான். பாரம் பின்னால் போனதால் முன்சில்லுக்குப் பிடிமானம் குறைந்துவிட்டது. அக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க முன்சில்லு இரண்டும் தனக்குத் தானே குழி தோண்டின. பின்சில்லு இரண்டும் வேடிக்கை பார்த்தன. கடைசியில் உழவு இயந்திரம் வந்து இழுத்தது. கதையைக் கேட்ட பழைய மெக்கானிக் ஐயா சொன்னார்: “தம்பி, மொரிஸ் மைனர் பின்னால நிண்டு தள்ளும். உங்கட கார் முன்னால நிண்டு இழுக்கும். வலு எங்க போகுதெண்டு பாத்துத்தான் மணலுக்க இறக்கோணும்.” தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத காலத்தில், கொஞ்சம் பெற்றோல் காட்டி ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் இது. அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர் அவர். சொல்லுக்குத் தேவையான எல்லாம் அவர் பேச்சிலேயே இருக்கிறது: முன், பின், வலு.

இதுதான் என் முன்மொழிவு. முன்சில்லுக்கு வலு போனால் முன்வலு. பின்சில்லுக்குப் போனால் பின்வலு. எல்லாவற்றுக்கும் பகிர்ந்து போனால் பகிர்வலு. பௌதிகத்தில் வருகிற ‘பவர்’ என்பதைத் தமிழகத்தில் திறன் என்கிறீர்கள், நாங்கள் வலு என்கிறோம். ஆனாலும் ‘வலுவான’ என்பது இரண்டு கரையிலும் புரிகிற சொல். மாற்றும் வேலைக்குப் பகிர்வலுவாக்கம்.

ஏன் ‘நால்வலு’ இல்லை? ஜீப்பில் தடியை இழுத்துப் போடுகிற பழைய முறைக்கு அந்தப் பெயரை வைத்திருப்போம். பலவற்றில் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டுப்படும், பகிர்வது கிடையாது. சேற்றில் நல்லது. காய்ந்த தார்வீதியில் அப்படியே திருப்பினால் இறுகும், ஏனென்றால் வளைவில் முன்சில்லுகள் பின்சில்லுகளை விடக் கூடத் தூரம் ஓட வேண்டும். 1966இல் வந்த ஜென்சன் எஃப்எஃப், 1980இல் வந்த அவுடி குவாட்ரோ போன்ற கார்கள் தார்வீதிக்கென்றே செய்தவை. அவற்றின் நடுவில் இந்த வித்தியாசத்துக்கு ஈடுகொடுக்கிற டிஃபரன்சல் ஒன்று உண்டு, அதாவது இரண்டு பக்கத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடுகிற பற்சில்லுத் தொகுதி. குவாட்ரோ என்றால் இத்தாலிய மொழியில் நான்கு, அவ்வளவுதான். அவர்கள் எண்ணிக்கையை வைத்துப் பெயரிட்டார்கள், நாங்கள் வேலையை வைத்துப் பெயரிடுவோமே.

இனி மாற்றத்துக்கு வருவோம், சொல் அங்கேதான் சோதனைக்கு நிற்கிறது. மொரிஸ் மைனரில் எஞ்சின் நெடுக்காக இருக்கிறது. வலு நேரே பின்னால் போகும். இன்றைய சின்னக் கார்களில் எஞ்சின் குறுக்காகப் படுத்திருக்கிறது, கியர் பொக்ஸும் டிஃபரன்சலும் ஒரே கூட்டுக்குள். பின்னால் வலு கொண்டுபோக வேண்டுமென்றால் சுழற்சியைத் தொண்ணூறு பாகை திருப்ப வேண்டும். அதற்குக் கியர் பொக்ஸோடு ஒட்டி ஒரு சாய்பற்சில்லு (பெவல் கியர்) பெட்டி. சூத்திரக் கிணற்றைக் கண்டவர்களுக்கு விளக்கவே தேவையில்லை. மாடு தரையில் வட்டம் சுற்ற, பற்கள் அந்தச் சுழற்சியைத் திருப்பி, வாளிகளை மேலே கொண்டுவரும். ‘சூத்திரப் பெட்டி’ என்று வைக்க எனக்கு ஆசை. ஆனால் இன்றைய பிள்ளைக்குச் சூத்திரம் என்றால் கணக்குப் பாடத்தில் வருவது மட்டும்தான். அதனால் ‘திருப்புப் பெட்டி’.

அந்தப் பெட்டியிலிருந்து நீளத் தண்டு ஒன்று பின்னால் போக வேண்டும். தட்டையான தளத்தில் அதற்கு இடமில்லை, நடுவில் வெட்டிக் குகை கட்ட வேண்டும். பெற்றோல் தாங்கி வழியில் நிற்கும், புகைக்குழாயும் நிற்கும். பின்னால் இரண்டு சில்லையும் இணைக்கிற ஒற்றை வளைச்சட்டம் இருந்தால் அதையும் கழற்றிவிட்டு, டிஃபரன்சலைத் தாங்குகிற சட்டகமும் தனித்தனி அச்சுத்தண்டும் போட வேண்டும். அப்புறம் விகிதம். திருப்புப் பெட்டியின் விகிதமும் பின் டிஃபரன்சலின் விகிதமும் சேர்ந்து முன்பக்க விகிதத்தோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் நேர் வீதியிலேயே முன்னும் பின்னும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும், நடுவில் உள்ள இணைப்பு சூடாகிக் கெடும். பிள்ளைகள் மறக்கிற இடம் இது.

அதனால் வெளிநாட்டுக் கைவினைக்காரர்கள் வெறும் கையோடு தொடங்குவதில்லை. பழைய ஹொண்டா சிவிக்குக்குப் பகிர்வலுவில் வந்த சிவிக் வேகன் அல்லது முதல் தலைமுறை சிஆர்-வியில் இருந்து கியர் பொக்ஸ், தண்டு, பின் டிஃபரன்சல் எல்லாவற்றையும் குடும்பத்தோடு எடுத்துப் பூட்டுகிறார்கள். விட்ஸ், மார்ச், ஸ்விஃப்ட் போன்ற குட்டிக் கார்களுக்கும் பனி விழுகிற பகுதிகளுக்காக ஜப்பானில் பகிர்வலு வகை விற்றிருக்கிறார்கள். அப்படி உறுப்புக் கொடுக்கிற வண்டிக்குக் ‘கொடைவண்டி’ என்று எழுதியிருக்கிறேன். இதற்கு யாரும் மறுப்புச் சொல்ல மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

எனக்கு உள்ள சந்தேகங்களையும் சொல்லிவிடுகிறேன். முன்வலுக் காரிலும் வலது இடது சில்லுகளுக்கிடையே வலு பகிரப்படுகிறதே என்று ஒருவர் கேட்பார். உண்மைதான். ஆனால் முன்னுக்கும் பின்னுக்கும் இடையிலான பகிர்வுதான் இங்கே பேச்சு, வழக்கில் அது தெளிந்துவிடும். இன்னொன்று கொஞ்சம் கடினம். 2001இல் வந்த டொயோட்டா எஸ்டிமா ஹைபிரிட்டில் பின்னுக்குப் போகிற தண்டே கிடையாது, பின்சில்லுகளை மின்மோட்டர் ஒன்று சுழற்றும். அங்கே ஒரு வலுவையா பகிர்கிறோம்? இரண்டு மூலத்தில் இருந்து வந்தாலும் வேலை நான்கு சில்லுக்கிடையே பங்கிடப்படுகிறது என்று வைத்து, அதையும் பகிர்வலு என்றே எழுதினேன். மனம் முழுதாக ஒப்பவில்லை.

நடு டிஃபரன்சலுக்கு ‘ஈடுகொடுப்பி’ என்று போட்டேன். மெக்கானிக் ஐயா கேட்டுவிட்டு, “ஈடெண்டா அடகு வைக்கிறதெல்லோ?” என்றார். அந்த ஒரு சொல் மட்டும் இன்னும் பென்சிலில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை குறிப்பு அச்சுக்குப் போகிறது, அதற்கு முன் நல்லதாக ஒன்று கிடைத்தால் எழுதுங்கள்.