சூடானா ஐடிலிங்கில் ஆயில் பிரஷர் 7 பிஎஸ்ஐ தான்: யோசனை சொல்லுங்க

கேம் மாத்தி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்ட 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். ஆயில் 10டபிள்யூ-40. குளிர்ந்திருந்தா 60 பிஎஸ்ஐ. தஞ்சாவூர்–கும்பகோணம் ஒரு ஓட்டம் போய் நிறுத்தினா ஐடிலிங்கில் 7, முள் நடுங்குது. 3000 ஆர்பிஎம்மில் 28.

ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி அதே ஓட்டையில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டியும் அதே அளவுதான். ரிலீஃப் வால்வு (பிரஷர் அதிகமானா திறந்து ஆயிலைத் திருப்பி விடுறது) ஸ்பிரிங்குக்கு வாஷர் வைங்கன்னு சிலர் சொல்றாங்க. அது உச்ச பிரஷரைத்தான் ஏத்தும். 7-ல வால்வு திறக்கவே திறக்காது, அழுக்கு சிக்கி நின்னாலொழிய. 20டபிள்யூ-50 ஊத்தினா முள் ஏறும், நோய் அப்படியே இருக்கும்.

முள் நடுங்குறதால சந்தேகம் ஸ்ட்ரெய்னர் (பம்ப் ஆயில் இழுக்குற இடத்து வடிகட்டி) ஓ-ரிங் மேல, காத்து இழுக்கலாம். சம்ப் (எஞ்சின் அடியில இருக்குற ஆயில் தொட்டி) கழற்றும்போதே பிளாஸ்டிகேஜ் (நசுங்கின அகலத்தால இடைவெளி காட்டுற மெல்லிய பிளாஸ்டிக் நூல்) வச்சு பேரிங் இடைவெளியும் அளக்கணும். 0.06 மி.மீ. தாண்டினா கிராங்க் கிரைண்டிங் தேவைப்படலாம். டெல்டா பக்கம் டிராக்டர் கிராங்க் மட்டுமில்லாம சின்ன கார் கிராங்க்கும் சுத்தமா பண்ற லேத் எது? கிரைண்ட் பண்ணின கிராங்குக்குப் போடுற 0.25 மி.மீ. அண்டர்சைஸ் பேரிங் திருச்சியில் கிடைக்குமா?