கல்லாவில் கை வைத்தவரை மன்னித்தால் போதுமா?

கல்லாப்பெட்டி:
சின்னக் கடை. நானும் மனைவியும், வேலைக்கு இரண்டு பேரும். கொஞ்ச நாளாகச் சரக்குக் கணக்கு உதைத்துக்கொண்டே இருந்தது. கேமராவைப் போட்டுப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. வாடிக்கையாளர் பணம் கொடுத்துவிட்டு பில் வாங்காமல் போவார். அவர் வாசல் தாண்டியதும் எங்கள் ஆள் அந்த பில்லை ரத்து செய்துவிட்டு, நோட்டை நாலாக மடித்துக் கால்குலேட்டருக்கு அடியில் செருகி வைக்கிறார். கடை மூடும்போது அது சட்டைப் பைக்குப் போகிறது. கல்லாவும் கம்ப்யூட்டரும் ஒத்துப்போகும், சரக்கு மட்டும் இடிக்கும்.

அவரும் எங்கள் சபைதான். போலீசில் சொல்லலாம் என்கிறாள் மனைவி. சபை மூப்பரோ, லூக்கா 6:30-ஐப் படியுங்கள் என்கிறார். விசுவாசியாக நான் என்ன செய்ய வேண்டும்?

தாபோர்மலை:
மூப்பர் சொன்னதில் என்ன தப்பு பிரதர்? "உன்னுடையதை எடுத்துக்கொள்ளுகிறவனிடத்தில் அதைத் திரும்பக் கேளாதே." ஆண்டவரே இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகு, நாம்தான் "ஆனால்" போடுகிறோம். எகிப்து பாலைவனத்தில் மக்காரியு என்ற துறவி இருந்தார். அவர் குடிலுக்குத் திரும்பியபோது ஒருவன் உள்ளே இருந்ததையெல்லாம் விலங்கின் மேல் ஏற்றிக்கொண்டிருந்தானாம். இவரும் வழிப்போக்கர் போலக் கூட நின்று ஏற்றிவிட்டு, உலகத்துக்கு நாம் ஒன்றும் கொண்டுவரவில்லை என்று சொல்லி வழியனுப்பினாராம். பவுலும் 1 கொரிந்தியர் 6-இல், சகோதரர்கள் கோர்ட்டுக்குப் போவதைவிட நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்வது மேல் என்கிறார். போலீஸ் என்ற பேச்சே வேண்டாம்.

வரவுசெலவு:
மக்காரியுவுக்குக் கடை வாடகை கிடையாது தாபோர் ஐயா. மாதக் கடைசியில் சம்பளத்துக்குக் காத்திருக்கும் ஆளும் கிடையாது. நூறுக்கு விற்கும் பொருளில் பத்து லாபம் என்று வையுங்கள். ஒன்று களவு போனால், அதன் கொள்முதலை ஈடுகட்ட மட்டும் இன்னும் ஒன்பது விற்க வேண்டும். சின்ன முதலாளி இதை எங்கிருந்து எடுப்பார்?

அப்புறம், கடையில் பாதி அவர் மனைவியுடையது. தன் கன்னத்தை அவர் திருப்பிக் காட்டலாம், மனைவியின் கன்னத்தை அவர் எப்படிக் காட்டுவது? அந்த இன்னொரு வேலையாளையும் யாரும் நினைக்கவில்லை. சரக்கு குறைகிற கடையில் சந்தேகம் எல்லோர் மேலும்தான் விழும். இவருடைய இரக்கத்துக்கு அந்த அப்பாவி ஏன் விலை கொடுக்க வேண்டும்?

தாபோர்மலை:
மனைவியின் பங்கு பற்றிச் சொன்னது நியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கணக்குப் புத்தகத்தை முன்னால் வைத்துக்கொண்டு மலைப்பிரசங்கத்தைப் படித்தால் அதில் ஒரு வசனமும் மிஞ்சாது.

ஜெபமாலை:
நான் கத்தோலிக்கர், கொஞ்சம் வேறு கோணம். மன்னிப்பதும் திருப்பிக் கேட்பதும் எதிரெதிர் என்று இரண்டு பேருமே வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். எங்கள் மறைக்கல்வி நூலில் 2412-ஆம் எண்ணைப் பாருங்கள்: திருடியதை உரியவருக்குத் திருப்பித் தர வேண்டும். பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டால் பணம் நம்முடையதாகிவிடாது.

லேவியராகமம் 6-ஆம் அதிகாரமும் இதைத்தான் சொல்கிறது. முதலையும் அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் உரியவனிடம் கொடுக்க வேண்டும், குற்றநிவாரண பலியும் செலுத்த வேண்டும். பலி கொடுத்தாயிற்று என்று பாக்கியைத் தள்ளிவிட வழியில்லை. யாத்திராகமம் 22 இன்னும் நுணுக்கம். திருடிய ஆடு உயிரோடு கையில் இருந்தால் இரண்டு மடங்கு. அடித்தோ விற்றோ விட்டால் நான்கு மடங்கு, மாட்டுக்கு ஐந்து. லூக்கா 19-இல் வரும் வரி வசூலிப்பவன் சகேயு யாரும் கேட்காமலே அந்த நான்கு மடங்கைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டான். இயேசு "அதெல்லாம் வேண்டாம், விடு" என்றாரா? இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார். திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பை அந்த ஆளிடமிருந்து பறிப்பது இரக்கம் என்று எனக்குத் தோன்றவில்லை.

திண்ணைப்பேச்சு:
எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை, இருந்தாலும் ஒரு கேள்வி. ஒருவரும் சம்பளத்தைப் பற்றிக் கேட்கவில்லையே? அவருக்கு என்ன கொடுக்கிறீர்கள், நேரத்துக்குக் கொடுக்கிறீர்களா? பிடித்துவைத்த கூலி கூக்குரலிடும் என்று யாக்கோபு நிருபத்தில் உண்டுதானே? அதையும் சேர்த்துப் படியுங்கள்.

வரவுசெலவு:
நல்ல கேள்விதான். பசிக்காகத் திருடுகிறவனை இகழமாட்டார்கள் என்று நீதிமொழிகள் 6-உம் சொல்கிறது. ஆனால் அடுத்த வசனத்திலேயே, பிடிபட்டால் ஏழு மடங்கு கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. பில்லை ரத்து செய்து, நோட்டை மறைத்து, கணக்கைப் பொருத்தி வைப்பது பசியில் கை நீண்ட கதை இல்லை. டொனால்ட் கிரெஸ்ஸி என்ற அமெரிக்க ஆய்வாளர் பணம் கையாடிச் சிறைக்குப் போனவர்களிடம் பேசி, 1953-இல் எழுதினார். "கடனாகத்தான் எடுத்தேன், வைத்துவிடுவேன்" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டவர்கள் அவர்களில் நிறைய. சும்மா விட்டால் அந்தச் சமாதானத்துக்கு நாமும் உரம் போடுகிறோம்.

தாபோர்மலை:
அப்படியானால் ஒநேசிமு? எஜமான் பிலேமோனிடமிருந்து எடுத்துக்கொண்டு ஓடிய அந்த அடிமைக்காகத்தானே பவுல் நிருபம் எழுதினார்?

ஜெபமாலை:
எடுத்தான் என்று பவுல் எழுதவில்லை. ஏதாவது அநியாயம் செய்திருந்தால், கடன்பட்டிருந்தால் என்கிறார், அவ்வளவுதான். அப்போதும் கணக்கைக் கிழித்துப்போடச் சொல்லவில்லை. "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்கிறார். வசனம் காட்டிய உங்கள் மூப்பர் அந்தத் தொகையில் கொஞ்சம் தன் கணக்கில் ஏற்றுக்கொள்வாரா, கேட்டுப் பாருங்கள் :)

போலீசா மௌனமா என்று இரண்டு வழி மட்டும் இல்லை. 1974-இல் கனடாவின் எல்மைரா என்ற ஊரில் இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 இடங்களில் சேதம் செய்தார்கள். மார்க் யான்ட்ஸி என்ற மெனனைட் (வன்முறையை ஏற்காத ஒரு சபைப் பிரிவு) கிறிஸ்தவர் நன்னடத்தை அதிகாரியாக இருந்தார். இவர்களை வீடு வீடாகக் கூட்டிப்போய்ப் பாதிக்கப்பட்டவர்களைப் பார்க்க வைக்கலாம் என்று அவர் யோசனை சொல்ல, நீதிபதியும் ஒத்துக்கொண்டார். நேரில் போனார்கள், ஈடும் கட்டினார்கள். அது திருட்டு வழக்கு இல்லைதான். ஆனால் சட்டத்தையும் ஒதுக்காமல், முகத்தைப் பார்த்துப் பேசுவதையும் விடாமல் நடந்தது.

கல்லாப்பெட்டி:
சம்பளம் தேதி தவறியதில்லை, ஆனால் அதிகம் என்றும் சொல்லமாட்டேன். மனைவியிடம் பேசிவிட்டேன். மத்தேயு 18:15 சொல்கிறபடி முதலில் நான் தனியாக அவரிடம் பேசுவேன். ஒத்துக்கொண்டால் வேலையில் வைத்துக்கொள்வோம், கல்லாவில் இல்லை, சரக்கு இறக்கும் பக்கம். பணத்தைச் சம்பளத்தில் தவணையாகப் பிடித்துக்கொள்வோம். மறுத்தால் மனைவி சொன்ன வழிதான்.

வரவுசெலவு:
சம்பளத்தில் பிடிப்பதற்கு முன்னால் உங்கள் ஊர்ச் சட்டம் எவ்வளவு அனுமதிக்கிறது என்று பாருங்கள். எழுத்தில் வாங்குங்கள். இனி பில் ரத்து என்றால் நீங்களோ மனைவியோ பார்க்காமல் நடக்கக் கூடாது. அந்த வீடியோவையும் அழித்துவிடாதீர்கள்.

தாபோர்மலை:
"நான் திருடினேன்" என்று கையெழுத்து வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்தால், நாளைக்கு ஒரு கோபத்தில் அதை எடுத்து நீட்டத் தோன்றும். தொகையும் தவணையும் மட்டும் எழுதுங்கள்.

வரவுசெலவு:
அதில் எனக்கும் ஆட்சேபணை இல்லை. கடைசித் தவணை முடிந்ததும் அந்தத் தாளை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.