பத்தாவது ஆள் டூரிஸ்டாக இருந்தால் என்ன?

பழனிவேல்_கொச்சி
நேற்று வேறொரு இழையில் சந்தேகப்பிராணி எழுதியதைப் படித்ததிலிருந்து மண்டை காய்கிறது. அவர் சொன்னது: "கொச்சி மட்டாஞ்சேரியில் யூதர்களின் பரதேசி ஜெப ஆலயத்தில் தொழுகைக்குப் பத்து ஆண்கள் தேறுவதில்லை. தெருவில் போகிற இஸ்ரேல் டூரிஸ்டைப் பிடித்து உட்கார வைக்கிறார்கள். இது சமூகமா, ஆள் பிடிக்கிற வேலையா?"

ஐயா, மின்யான் என்பது பதின்மூன்று வயது நிரம்பிய யூத ஆண்கள் பத்துப் பேர். உள்ளூரா வெளியூரா என்று அவர்கள் சட்டம் கேட்பதே இல்லை. டெல் அவிவிலிருந்து முதுகுப்பையோடு வந்தவனும் ஒரு ஆள்தான். அந்தத் தெருவில் மிளகு வியாபாரியிடம் கணக்கு எழுதியவன் நான். வெள்ளிக்கிழமை மதியம் பார்வையாளர்களுக்குக் கதவை மூடிவிடுவார்கள். சாயங்காலம் ஒரு பெரியவர் வெள்ளைச் சட்டையோடு வாசலில் வந்து நிற்பார். தெருவோ முட்டுச்சந்து, ஒரே பக்கம்தான் பார்க்க வேண்டும். எவனாவது தொப்பியோடு வருகிறானா என்று பார்த்துக்கொண்டே நிற்பார். வந்துவிட்டால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அதை ஆள் பிடிக்கிற வேலை என்கிறீர்கள்.

சந்தேகப்பிராணி
வாசலில் நின்று ஆள் தேடினார் என்று நீங்களே எழுதிவிட்டு என்னைத் திட்டுகிறீர்கள். நான் சட்டம் கேட்கவில்லை சார். டூரிஸ்ட் ஞாயிற்றுக்கிழமை மூணாறுக்குக் கிளம்பிவிடுவான். அப்புறம் எண்ணெய் விளக்கை யார் துடைப்பது, யாராவது இறந்தால் யார் குளிப்பாட்டுவது? அதைச் செய்கிறவன்தான் சமூகம். டூரிஸ்ட் டூரிஸ்ட்தான்.

பழனிவேல்_கொச்சி
குளிப்பாட்டுவதற்கு ஹெவ்ரா கதிஷா என்று உலகம் முழுக்க யூதர்களிடம் குழு உண்டு, தெரியுமா? ஆணுக்கு ஆண்கள், பெண்ணுக்குப் பெண்கள். பணக்காரனுக்கும் பிச்சைக்காரனுக்கும் ஒரே வெள்ளைத் துணி. இறந்தவரால் பதிலுக்கு எதுவும் செய்ய முடியாது என்பதால் அதைத்தான் கலப்பில்லாத தொண்டு என்பார்கள். அது வேறு, மின்யான் வேறு. பத்தாவது ஆள் டூரிஸ்டாக இருக்கலாமா, கூடாதா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

ரோஸி_டீச்சர்
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பத்துப் பேர் இல்லாவிட்டால் ஜெபமே கிடையாதா? எங்கள் பைபிளில் இரண்டு மூன்று பேர் கூடினால் போதும் என்று இருக்கிறதே.

பழனிவேல்_கொச்சி
டீச்சர், தனியாகவும் ஜெபிக்கலாம். ஆனால் இறந்தவர்களுக்காகச் சொல்லும் கதிஷ் முடியாது. பெட்டகத்திலிருந்து தோரா என்ற வேதச் சுருளை எடுத்து முறைப்படி வாசிக்க முடியாது. அப்பா இறந்த வருஷத்தில் ஒருவன் கதிஷ் சொல்ல நிற்கிறான், ஒன்பது பேர்தான் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கதவைத் தட்டுகிற டூரிஸ்டை "நீ இந்த ஊர் இல்லை" என்று துரத்தச் சொல்கிறார் நம் நண்பர்.

சந்தேகப்பிராணி
துரத்தச் சொன்னேனா? எங்கே? மேற்கோள் காட்டுங்கள் பார்ப்போம்.

எட்வின்_லண்டன்
எங்கள் தெரு முனையில் ரிஃபார்ம் என்ற சீர்திருத்தப் பிரிவு யூதர்களின் ஜெப ஆலயம் ஒன்று இருக்கிறது. அங்கே பெண்களையும் எண்ணுவார்கள். ரபி என்கிற மதகுருக்களிலேயே பெண்கள் உண்டு. சனிக்கிழமை காலை வாசலில் காவலுக்கு நிற்பது யார் தெரியுமா? சபையின் உறுப்பினர்கள்தான், முறை போட்டு. ஒரு பல் டாக்டர், ஒரு கல்லூரிப் பெண், குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க 1994 முதல் ஒரு தனி அறக்கட்டளையே இருக்கிறது. உள்ளே இன்னொரு கூட்டம் தொழுகை முடிந்ததும் ஒயினும் மீனும் எடுத்து வைத்துக்கொண்டிருக்கும். கொச்சியிலும் பெண்களை எண்ணியிருந்தால் டூரிஸ்டுக்காக வாசலில் காத்து நிற்கும் வேலையே இருந்திருக்காது.

பழனிவேல்_கொச்சி
வந்துவிட்டார் லண்டன்காரர். எந்த இழையாக இருந்தாலும் "எங்கள் தெரு முனையில்" என்று ஆரம்பிக்காவிட்டால் இவருக்குத் தூக்கம் வராது. கொச்சிக்காரர்கள் பழைய மரபு. பெண்கள் மேல் மாடத்தில். ஆனால் கேரளத்து ஜெப ஆலயங்களில் அந்த மாடத்தை ஒட்டியே இரண்டாவதாக ஒரு வாசிப்பு மேடை இருக்கும். விசேஷ நாட்களில் தோராவை அங்கே கொண்டுபோய் வாசிப்பார்கள். கலியாணத்துக்கும் பண்டிகைக்கும் மலையாளப் பாட்டு நோட்டுப்புத்தகத்தைப் பார்த்துப் பாடியது அந்தப் பெண்கள்தான். மதிப்பு இல்லை என்று யார் சொன்னது?

எட்வின்_லண்டன்
மதிப்பு உண்டு, எண்ணிக்கையில் மட்டும் இல்லை. சரி சரி.

மதுரை_மைனர்
இப்போது ஆள் இல்லை என்று உருகுகிறீர்களே, ஆள் இருந்த காலத்தில் என்ன செய்தார்கள் என்று பழனிவேல் அண்ணன் சொல்லவே மாட்டார். பரதேசி ஜெப ஆலயத்தில் அடிமை வம்சம் என்று ஒதுக்கப்பட்டவர்களை வெளி அறையில் உட்கார வைத்தார்கள். தோரா வாசிக்க அழைக்கவில்லை. அந்த வம்சத்து வக்கீல் ஏ.பி. சேலம் ஜெப ஆலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்துதான் அந்தத் தடை கொஞ்சம் கொஞ்சமாக உடைந்தது. 'யூத காந்தி' என்று சும்மாவா சொன்னார்கள்? பக்கத்து வீட்டுக்காரன் வேண்டாம், டெல் அவிவ்காரன் வேண்டும். நல்ல சமூகம்!

குட்டிப்புலி77
அவர் சேலத்துக்காரரா? பெருமையாக இருக்கிறது.

மதுரை_மைனர்
தம்பி, அது ஊர் இல்லை, ஆள் பெயர். படித்துவிட்டு வா.

பழனிவேல்_கொச்சி
மைனர், ஏ.பி. சேலம் வீடு எங்கே இருந்தது என்று எனக்கு நீங்கள் சொல்ல வேண்டாம். அந்தத் தெருவிலேயேதான். அநியாயம் நடந்தது, யார் மறுத்தார்கள்? கோயில் நுழைவுக்கு நம்மூரில் நடந்ததை மறந்துவிட்டீர்களா? ஆனால் நான் கேட்டது அதுவல்ல. 1948-க்குப் பிறகு ஊரே இஸ்ரேலுக்குக் கிளம்பிவிட்டது. நெகேவ் பாலைவனத்து நெவாதிம் கிராமத்தில் கொச்சிக்காரர்கள் போய்க் குடியேறினார்கள். கடவும்பாகம் என்ற இன்னொரு மட்டாஞ்சேரி ஜெப ஆலயத்தின் உட்புற மரவேலையே ஜெருசலேம் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. மிச்சமிருந்தவர்கள் என்ன செய்வார்கள்? டூரிஸ்டைத்தான் எண்ணுவார்கள். எண்ணினால் என்ன?

சந்தேகப்பிராணி
எண்ணட்டும். சமூகம் என்று சொல்லாதீர்கள். அவ்வளவுதான்.

பழனிவேல்_கொச்சி
சொல்வேன்.

சந்தேகப்பிராணி
பொங்கல் இழையிலும் இப்படித்தான். பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

வடசென்னை_வாசு
நம்ம மெட்ராஸை மறந்துவிட்டீர்களே! பவழக்காரத் தெருவுக்குப் பெயர் வந்ததே பவழம் விற்று வைரம் வாங்கின யூத வியாபாரிகளால்தான். அவர்கள் எல்லாம் 17-ஆம் நூற்றாண்டு ஆட்கள்.

மதுரை_மைனர்
ஆரம்பித்துவிட்டார். நிலாவைப் பற்றி இழை போட்டாலும் வாசு மின்ட் தெரு வழியாகத்தான் போவார்.

ரோஸி_டீச்சர்
கல்கத்தாவில் ஜெப ஆலயங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொள்வது முஸ்லிம் குடும்பங்கள் என்று படித்திருக்கிறேன். 1884-இல் கட்டிய மாகேன் டேவிட் உட்பட. மட்டாஞ்சேரியிலும் சாரா கோஹன் என்ற யூத அம்மாவை, 2019-இல் 96 வயதில் இறக்கும்வரை, பக்கத்திலிருந்து கவனித்தது ஒரு முஸ்லிம் குடும்பம். அவர் தையல் கடையையும் அவர்களே நடத்தினார்கள். பத்தில் எண்ணப்படாதவர்கள் செய்த சேவையையும் பேசலாமே.

சந்தேகப்பிராணி
டீச்சர் என் கட்சி. நன்றி.

ரோஸி_டீச்சர்
நான் யார் கட்சியும் இல்லை.

எட்வின்_லண்டன்
கல்கத்தாவில் அது சம்பள வேலை டீச்சர். சேவை என்பது வேறு.

மதுரை_மைனர்
லண்டனில் குளிரில் நின்றால் சேவை, கல்கத்தாவில் வேர்வையில் பெருக்கினால் வேலையா? நல்லா இருக்கு சார் உங்க நியாயம். சம்பளம் எவ்வளவு என்று பார்த்தீர்களா?

எட்வின்_லண்டன்
தனிப்பட்ட தாக்குதல். நெறியாளர் கவனிக்கவும்.

நெறியாளர்
எல்லாரும் தலைப்புக்குள் பேசவும். குட்டிப்புலி77, சேலம் மாம்பழப் படத்தை நீக்கிவிட்டேன்.

பழனிவேல்_கொச்சி
நெறியாளரே, தலைப்புக்குள் பேசுவது நான் ஒருவன்தான். 1968-இல் பரதேசி ஜெப ஆலயத்தின் 400-ஆவது ஆண்டு விழாவுக்கு இந்திரா காந்தியே வந்தார், தபால்தலை வெளியிட்டார்கள். செத்துப்போன சமூகத்துக்கா பிரதமர் வருவார்?

சந்தேகப்பிராணி
தபால்தலை செத்தவர்களுக்குத்தான் அதிகம் போடுவார்கள் சார். அதுவும் 1968-இல் அங்கே உள்ளூர்க்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். நான் பேசுவது அதற்குப் பிறகு. நீங்கள் வேண்டுமென்றே வருஷத்தைக் குழப்புகிறீர்கள்.

பழனிவேல்_கொச்சி
குழப்புவது நீங்கள். அந்த ஆலயத்தில், 1762-இல் சீனாவின் கான்டனிலிருந்து கப்பலில் வந்த, கையால் வரைந்த நீலத் தரை ஓட்டின் மேல் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு தடவையாவது நடந்திருக்கிறீர்களா? அந்தத் தரையில் நிற்கிற பத்துப் பேரில் எவன் டூரிஸ்ட், எவன் ஊர்க்காரன் என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடியாது.

சந்தேகப்பிராணி
காமிரா வைத்திருப்பவன் டூரிஸ்ட்.

பழனிவேல்_கொச்சி
சப்பாத் என்ற ஓய்வுநாளில் காமிராவே தொட மாட்டார்கள்! அடிப்படையே தெரியாமல் விவாதிக்க வந்துவிட்டீர்கள். நாளைக் காலை மின்யான் விதிகளை வரிசையாகப் போடுகிறேன். நீளமாக இருக்கும், எல்லாரும் படிக்க வேண்டும்.

வடசென்னை_வாசு
அதில் பவழக்காரத் தெருவும் வருமா அண்ணே?