காற்று பிடிக்கும் சுக்கானுக்கு என்ன பெயர்?

நாகர்கோவில், செவ்வாய் இரவு

அன்புள்ள குழுவினருக்கு,

கடற்கரை ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாய்மரப் படகுப் பராமரிப்பு வகுப்பு எடுக்கிறேன். ஏழாம் பாடம் வெள்ளிக்கிழமை மாலைக்குள் அச்சுக்குப் போக வேண்டும். ஆறு பாடங்களை எப்படியோ ஒப்பேற்றிவிட்டேன், ஏழாவதில் மாட்டிக்கொண்டேன்.

படகின் பின்னால் மாட்டும் கருவி ஒன்று. மேலே மெல்லிய பலகை காற்றைப் பார்த்து நிற்கும். படகு திசை விலகினால் காற்று அந்தப் பலகையைச் சாய்க்கும். அது தண்ணீருக்குள் தொங்கும் துடுப்பைச் சற்றே முறுக்கும். ஓடும் தண்ணீர் துடுப்பை ஒரு பக்கமாகத் தள்ள, அதில் கட்டிய கயிறு சுக்கான் பிடியை இழுத்துப் படகைத் திசைக்குத் திருப்பும். மின்சாரம் வேண்டாம், ஆளும் வேண்டாம். 2022இல் தொடங்கிய, தனியாளாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பாய்மரப் படகுப் போட்டியில் நம் கடற்படையிலிருந்து ஓய்வுபெற்ற அபிலாஷ் டோமி இரண்டாவதாக வந்தாரே, அதில் மின்னணுத் தானியங்கி கூடாது, இந்தக் கருவிதான்.

இதற்கு ஒரு பெயர் வேண்டும். பாடமே இதில் வரும் ‘வைப்ரேஷன்’ பற்றியது. அதற்கு ‘அதிர்வு’ போட்டுவிட்டேன். அதில் சிக்கல் இராது.

தக்கலை, புதன் காலை

டீச்சருக்கு, சுக்கான் அரபிலிருந்து வந்த சொல். நம்மிடம் இல்லாததா? அகநானூறு 255ஆம் பாட்டில் காற்று ‘வங்கூழ்’, கலம் செலுத்துபவன் ‘நீகான்’. சேர்த்தால் ‘வங்கூழ்நீகான்’. நீகானே பின்னாளில் மீகான் ஆயிற்று என்பது என் துணிபு. நிலம் நிலன் ஆவதும் கலம் கலன் ஆவதும் போல இங்கே நகரமும் மகரமும் மயங்கின. நீரைக் காண்பவன் நீகான். இதை முப்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன், கேட்பார் இல்லை. எளிமைதான் வேண்டுமென்றால் ‘காற்று மாலுமி’ என்றாவது வையுங்கள். சுக்கான் மட்டும் வேண்டாம்.

மார்த்தாண்டம், புதன் மதியம்

ஐயா, நிலன், கலன் எல்லாம் சொல்லின் ஈற்றில் வரும் மயக்கம். அதுவும் மகரத்துக்கு றன்னகரம். சொல்லின் முதலில் வரும் தந்நகரத்துக்கு அந்த விதி எப்படிப் பொருந்தும்? அது கிடக்கட்டும். வங்கூழ் என்று கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் கூழ் எங்கே என்று கேட்பார்கள். மாலுமியும் அரபு ‘முஅல்லிம்’ என்று அகராதி சொல்கிறது. நங்கூரம் பாரசீகம். இந்தக் கணக்கில் நாம் கடலில் இறங்கவே முடியாது. ‘காற்றுச் சுக்கான்’ போதும்.

ஆரல்வாய்மொழி, புதன் இரவு

காற்றாலையில் வேலை பார்க்கிறேன். கோபுரத்தின் உச்சியில் காற்றுத் திசை பார்க்கும் சின்னத் தகடு ஒன்று உண்டு. அது காட்டும் பக்கமாக மோட்டார் தலைப்பாகத்தைத் திருப்பும். நாங்கள் ‘வேன்’ என்போம். புதிதாகச் சேர்ந்த பையனிடம் “வேன் திரும்பவில்லை, பார்த்து வா” என்றேன். அவன் கீழே இறங்கிப் போய் டிரைவரிடம் விசாரித்துவிட்டு வந்தான். ஆகையால் அந்தச் சொல் மட்டும் வேண்டாம். மற்றபடி எதுவானாலும் சம்மதம்.

குளச்சல், வியாழன் காலை

டீச்சர், வெளிநாட்டில் பாய்ப்படகில் மூன்று ஆண்டு வேலை செய்தவன் நான். பெயரைவிட ‘அதிர்வு’தான் எனக்கு உறுத்துகிறது.

எங்கள் படகு மணிக்கு ஆறு கடல்மைல் வேகத்தை எட்டினால் அமரத்தில், அதாவது படகின் பின்பகுதியில், படுக்க முடியாது. தேனீக் கூட்டம் காதுக்குள் புகுந்த மாதிரி ஓர் ஓசை. வேகம் கூடினால் சுருதியும் கூடும். பிடிப்பு ஆணிகளை எல்லாம் முறுக்கிப் பார்த்தோம், ஒன்றும் தளரவில்லை. கடைசியில் துடுப்பைத் தூக்கித் தடவிப் பார்த்தால் பின்விளிம்பு பலகை அறுத்தாற்போலச் சதுரமாக இருந்தது. தண்ணீர் அங்கே இரண்டு பக்கமும் மாறி மாறிச் சுழித்துப் பிரிகிறது, அதுதான் ஓசை. ஒரு பக்கத்தை மட்டும் அரத்தால் சரிவாக அராவினோம். அன்று இரவே தூங்கினேன்.

அதே கருவியில் வேறொரு நாள் ‘கடகட’ என்று தட்டியது. அது அச்சைச் சுற்றியுள்ள ‘புஷ்’ என்ற வளையம் தேய்ந்ததால் வந்த ஆட்டம், கையால் பிடித்து அசைத்தாலே தெரியும். புஷ் மாற்ற வேண்டும். காற்று பலக்கும்போது மேல்பலகை படபடக்கும், சின்னப் பலகையாக மாற்ற வேண்டும். எஞ்சின் ஓடும்போது விசிறித் தண்ணீர் அடித்துத் துடுப்பு உதறும், துடுப்பை மேலே தூக்கிவிட வேண்டும். நான்குக்கும் ‘அதிர்வு’ என்று எழுதினால் பையன் எதைச் சரிசெய்வான்? அரத்தை எடுப்பானா, ஸ்பேனரை எடுப்பானா?

பெயர் விஷயத்தில் ஒன்று. இது சுக்கான் அல்ல, சுக்கானைப் பிடிக்கிற ஆள். எங்கள் படகில் அதற்கு ஆள் பெயரே வைத்திருந்தார்கள். சோறு கேட்காத ஆள். ஐயா சொன்னதில் பாதியை எடுத்துக் ‘காற்றுமீகான்’ என்று வைக்கலாமே.

தக்கலை, வியாழன் மதியம்

தம்பி, மனம் குளிர்ந்தது. ஆனால் அது நீகான். உங்கள் தேனீ ஓசைக்கு ‘முரல்வு’ என்று எழுதுங்கள். வண்டு முரலும், யாழ் முரலும், துடுப்பும் முரலட்டும்.

மார்த்தாண்டம், வியாழன் இரவு

‘ரீங்காரம்’ என்றால் பிள்ளைகளுக்குப் புரியும், ஐயா. காற்றுமீகான் அழகுதான். ஆனால் மீகான் யார் என்று விளக்க ஒரு வகுப்பு போய்விடும்.

நாகர்கோவில், வெள்ளி மதியம்

அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். எனக்குத் தனியாக வந்த மடல்களையும் எண்ணினால் ‘காற்றுச் சுக்கான்’ நான்கு, ‘காற்றுமீகான்’ இரண்டு, ‘வங்கூழ்நீகான்’ ஒன்று. முதலாவதைப் போட்டுவிட்டேன். அதிர்வை நான்காக உடைத்துவிட்டேன்: ரீங்காரம், ஆட்டம், படபடப்பு, உதறல். முரல்வை ஐயாவுக்காக ஒரே ஓரிடத்தில், அடைப்புக்குறிக்குள் வைத்திருக்கிறேன். தொங்கும் துடுப்புக்கு ‘ஊசல்துடுப்பு’, அதில் யாரும் சண்டை போடவில்லை.

தக்கலை, வெள்ளி மாலை

அடைப்புக்குறிக்குள் இருப்பது சிறைதான். இருந்தாலும் நன்றி. நகர மகர மயக்கம் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.

குளச்சல், வெள்ளி இரவு

டீச்சர், பிரதியின் படம் பார்த்தேன். மூன்றாம் பத்தியில் ‘காற்றுச் சுக்கானின் பின்விளிம்பை ஒரு பக்கமாக அராவுக’ என்று இருக்கிறது. பையன்கள் படகின் சுக்கானைக் கழற்றி அராவத் தொடங்குவதற்குள் அச்சகத்துக்கு ஒரு போன் செய்துவிடுங்கள்.