டெபியனில் ஜப்பானியம்: மோஸ்க், கான்ஜி எழுத்துரு, அவோசோரா கோப்புகள் (உதவி தேவை)

நள்ளிரவு_டெர்மினல்:

டெபியன் 13 லினக்ஸ், கேடிஇ பிளாஸ்மா மேசைச்சூழல், வேலண்ட் காட்சியமைப்பு. ஃபைட்டிக்ஸ்5 (உள்ளீட்டு முறைகளை மாற்றித் தரும் நிரல்), மோஸ்க் (ரோமன் எழுத்தில் அடிப்பதை ஜப்பானியமாக்கும் உள்ளீட்டு முறை) இரண்டையும் டெபியன் களஞ்சியத்திலிருந்தே போட்டிருக்கிறேன். தமிழ்99 விசைப்பலகையும் வேண்டும், ஜப்பானியமும் வேண்டும். மெனுக்கள் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். பதிப்புரிமை முடிந்த ஜப்பானிய நூல்களைத் தரும் அவோசோரா புன்கோ இணைய நூலகத்தில் உள்ள பழைய கதைகளைப் படிப்பது, தெரியாத சொல்லை அகராதியில் பார்த்து ஆங்கி என்ற மனப்பாட நிரலில் அட்டையாக்குவது, இவ்வளவுதான் நோக்கம்.

தமிழ்99-ஐச் சேர்த்த பிறகு மோஸ்க்கில் ரோமாஜி (ரோமன் எழுத்து) அடித்தால் ஹிராகானா என்ற ஜப்பானிய அசையெழுத்துக்குப் பதில் தமிழ் எழுத்துகளே விழுகின்றன. அதற்கு முன்பும் ஃபயர்ஃபாக்ஸில் மட்டும்தான் மோஸ்க் வேலை செய்தது, குரோமியத்தில் அசைவே இல்லை. சில கான்ஜிகள் (சீனத்திலிருந்து வந்த எழுத்துகள்) பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல் இல்லை. ‘எலும்பு’ எழுத்தின் தலைக்குள் இருக்கும் சின்ன மடிப்பு எதிர்ப்பக்கம் இருக்கிறது. அவோசோராவிலிருந்து இறக்கிய உரைக்கோப்பைத் திறந்தால் வெறும் குப்பை. எது எங்கே தப்பு?

கர்னல்_கந்தன்:

விசைப்பலகைச் சிக்கலை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

தமிழ்99-ஐ எக்ஸ்கேபி (கணினியின் அடிப்படை விசைப்பலகை அமைப்பு) தளவமைப்பாகச் சேர்த்து, அதையே ஃபைட்டிக்ஸ் குழுவின் (உள்ளீட்டு முறைகளின் தொகுப்பு) இயல்புத் தளவமைப்பாக வைத்திருப்பீர்கள். குழுவின் தளவமைப்பு எந்த எழுத்தைக் கொடுக்கிறதோ அதைத்தான் மோஸ்க் வாங்கிக்கொள்ளும். அங்கிருந்து ‘க’ வந்தால் அதை வைத்து அது என்ன செய்யும்? குழுவின் இயல்பை அமெரிக்க ஆங்கிலமாக்குங்கள். உள்ளீட்டு முறைப் பட்டியலில் முதலில் அதே ஆங்கிலம், அடுத்து மோஸ்க், அதற்கடுத்து எம்17என் என்ற பன்மொழி உள்ளீட்டு நூலகம் தரும் தமிழ்99. ஃபைட்டிக்ஸ்5-க்கான எம்17என் தனிப் பொதியாகக் கிடைக்கும். எக்ஸ்கேபி தமிழைப் பட்டியலிலிருந்தே தூக்கிவிடுங்கள்.

குரோமியம்: பிளாஸ்மா வேலண்டில் ஃபைட்டிக்ஸை எழுப்ப வேண்டியது பிளாஸ்மாவின் சாளர மேலாளரான கேவின். சிஸ்டம் செட்டிங்ஸில் ‘வெர்ச்சுவல் கீபோர்டு’ பக்கத்துக்குப் போய் ஃபைட்டிக்ஸ்5-ஐத் தேர்ந்தெடுங்கள். பெயரைப் பார்த்துத் தொடுதிரைக்கான இடம் என்று நினைத்து நிறைய பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிறகு பழைய வழிகாட்டிகளைப் பார்த்து வைத்த ஜிடிகே, க்யூடி ஐஎம் சூழல் மாறிகளை நீக்குங்கள். எக்ஸ்மாடிஃபையர்ஸ் மாறி மட்டும் இருக்கட்டும், எக்ஸ்வேலண்ட் என்ற இணக்க அடுக்கில் ஓடும் பழைய நிரல்களுக்கு அது வேண்டும். ஃபைட்டிக்ஸ் ஆட்டோஸ்டார்ட்டில் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு தரப்பு ஒரே வேலைக்கு மோதும். குரோமியத்தையும் அதன் மேல் கட்டிய எலக்ட்ரான் நிரல்களையும் வேலண்டிலேயே ஓடவிட்டு, தொடக்கக் கட்டளையில் வேலண்ட் ஐஎம்இ-யை (உள்ளீட்டு முறை வசதி) இயக்கும் கொடியை (ஃபிளாக்) சேர்க்க வேண்டும். .டெஸ்க்டாப் கோப்பை வீட்டு அடைவுக்குள் நகலெடுத்து அதில் திருத்துங்கள். மூலக்கோப்பில் கைவைத்தால் அடுத்த அப்டேட்டில் போய்விடும்.

கண்ட்ரோல்+ஸ்பேஸ் இயல்பான மாற்றுவிசை. ஈமாக்ஸில் குறியிடவும் பல எடிட்டர்களில் தானியங்கி நிரப்பலுக்கும் அதே விசைதான். இன்றைக்கே வேறு ஏதாவது விசைக்கு மாற்றிவிடுங்கள்.

ரோமாஜி_ராணி:

மோஸ்க் ஓடத் தொடங்கியதும் தடுக்கி விழும் இடம் ‘ன்’. புகைபிடிக்கத் தடை என்பதற்கு கின்-என். நினைவு, நினைவுநாள் என்பதற்கு கினென். ரோமாஜியில் இரண்டுக்கும் நடுவில் ‘என்’ விசைதான். ஒரு தடவை அழுத்தினால் அடுத்து வரும் உயிரோடு ஒட்டி ‘னெ’ ஆகிவிடும். இரண்டு தடவை அழுத்தினால் ‘ன்’ தனியாக நின்று, ‘எ’ புதிதாகத் தொடங்கும். நாம் புள்ளி வைப்பதுபோல. சொல்லின் கடைசியில் ‘ன்’ வந்தாலும் இரண்டு தடவை அழுத்துவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஒலிப்பை வைத்து அடிக்காதீர்கள், எழுதும் கானாவை (அசையெழுத்து) வைத்து அடியுங்கள். பேசும் பொருளைக் காட்டும் இடைச்சொல்லை ‘வா’ என்று சொன்னாலும் எழுதுவது ‘ஹ’ வரிசைக் கானாவில், அதனால் ஹெச்சும் ஏ-யும். ‘தொடர்கிறது’ என்ற சுசுகு-வில் இரண்டாவது கானா, ‘ட்சு’ எழுத்தோடு மெல்லொலிக் குறி சேர்த்தது. அதற்கு டி (த வரிசையின் மெல்லொலி விசை), யு. இசட் அடித்தால் வேறு கானா வரும்.

நீள வாக்கியத்தை மாற்றும்போது மோஸ்க் சொல்லைத் தப்பான இடத்தில் வெட்டும். அழித்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டாம். ஸ்பேஸ் அழுத்திய பிறகு இட வல அம்பால் துண்டுக்குப் போய், ஷிஃப்டோடு அம்பை அழுத்தினால் துண்டு நீளும், குறுகும். எஃப்6 ஹிராகானா, எஃப்7 கடகானா (பிறமொழிச் சொற்களுக்கான அசையெழுத்து), எஃப்10 சாதாரண ஆங்கில எழுத்து. இந்த மூன்றும் கைக்கு வந்துவிட்டால் மாற்றுவிசையைத் தொடும் தேவை பாதி குறையும்.

ஆட்பெயர்களும் புதுச் சொற்களும் வராவிட்டால் அமைப்பில் கோளாறு என்று தேடாதீர்கள். கூகுளின் ஜப்பானிய உள்ளீடு 2009 டிசம்பரில் வந்தது, அதன் திறமூல வடிவமாக மோஸ்க் 2010-ல் வந்தது. இணையத்தைச் சலித்தெடுத்த பெரிய அகராதி திறமூலப் பக்கத்துக்கு வரவில்லை. வேண்டிய பெயர்களை மோஸ்க் கருவியில் பயனர் அகராதியில் சேர்த்துக்கொள்ளலாம்.

கட்டளைவரி_கிழவர்:

மோஸ்க்கின் ஊகம் பிடிக்காதவர்களுக்கு எஸ்கேகே என்ற உள்ளீட்டு முறை இருக்கிறது. 1987-ல் மசாஹிகோ சாதோ ஈமாக்ஸுக்காக எழுதியது. வாக்கியத்தை அலசும் வேலையே அதில் கிடையாது. கான்ஜி எங்கே தொடங்குகிறது, விகுதி எங்கே தொடங்குகிறது என்பதை ஷிஃப்ட் அழுத்தி நீங்களே சொல்ல வேண்டும். ‘எழுது’ என்ற காகு-வுக்கு முதல் கே-யும் பெரிய எழுத்து, இரண்டாவது கே-யும் பெரிய எழுத்து. கற்றுக்கொள்பவருக்கு இது ஒரு விதத்தில் நல்லது: வினையடி எது, விகுதி எது என்று தெரியாமல் ஒரு சொல்லும் அடிக்க முடியாது. விரலுக்குத் தண்டனை என்பதும் உண்மை. ஃபைட்டிக்ஸ்5-க்கு எஸ்கேகே பொதி உண்டு.

எழுத்துரு_ஏகாம்பரம்:

எலும்பு எழுத்து: யூனிகோடில் சீனம், ஜப்பானியம் இரண்டுக்கும் ஒரே குறியெண்தான். எந்த வடிவம் தெரியும் என்பதை எழுத்துரு தீர்மானிக்கிறது. உங்கள் கணினி சீன எழுத்துருவை எடுத்திருக்கிறது. கோப்பு சரி, கண்ணும் சரி.

நோட்டோ சான்ஸ் சிஜேகே (சீன-ஜப்பானிய-கொரிய) எழுத்துருப் பொதியைப் போட்டால் ஜப்பான், கொரியா, சீன வடிவங்கள் எல்லாம் ஒரே கோப்புக்குள் வரும். ஃபாண்ட்கான்ஃபிக் என்ற எழுத்துருத் தேர்வு அமைப்பில் சான்ஸ், செரிஃப், மோனோஸ்பேஸ் மூன்றுக்கும் தனித்தனியாக ஜேபி (ஜப்பான்) வடிவத்துக்கு முன்னுரிமை கொடுங்கள். ஆனால் பட்டியலின் தலையில் வைக்காதீர்கள். சிஜேகே எழுத்துருவுக்குள் ஆங்கில எழுத்துகளும் இருப்பதால் மெனு முழுக்க முகம் மாறிவிடும். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் உரிய எழுத்துருக்கள் முதலில், ஜேபி அதற்கடுத்து. பிறகு எஃப்சி-கேஷ் கட்டளையை ஓட்டி, எந்த எழுத்துரு வருகிறது என்று எஃப்சி-மேட்ச்சில் மொழியைக் குறிப்பிடாமல் ஒருமுறை, ஜப்பானியம் என்று குறிப்பிட்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

சோதிக்க எலும்பைவிட ‘நேர்’ என்ற நாவோ எழுத்து வசதி. ஜப்பானிய வடிவத்தில் இடப்பக்கம் கீழிறங்கி வலப்பக்கம் மடங்கும் கோடு தனியாகத் தெரியும். சீன வடிவத்தில் நடுப்பெட்டி அடிக்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். மொழிக்குறி இல்லாத பக்கங்களுக்கு ஃபயர்ஃபாக்ஸின் மொழி வரிசையிலும் சீனத்துக்கு மேலே ஜப்பானியத்தை வையுங்கள்.

மோஜிபாகே:

குப்பைக்கு ஜப்பானியர்கள் வைத்த பெயர்தான் என் பயனர்பெயர். மோஜி எழுத்து, பாகே உருமாறுவது. நரி மனித வேடம் போடுவதற்கும் இதே வினைதான். டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறிமுறையில் எழுதிய மடலை யூனிகோடில் திறந்து பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அவோசோராவின் உரைக்கோப்புகள் ஷிஃப்ட்-ஜிஸ் என்ற பழைய ஜப்பானியக் குறிமுறையில் இருக்கின்றன. கேடிஇ-யின் கேட் எடிட்டரில் குறிமுறையை மாற்றித் திறந்தால் படிக்கலாம். ஐகான்வ் கட்டளையால் மாற்றுவதாக இருந்தால் மூலத்தை சிபி932 (ஷிஃப்ட்-ஜிஸின் விண்டோஸ் வடிவம்) என்று கொடுங்கள். வெளியிலிருந்து வரும் விண்டோஸ் கோப்புகளில் வட்டத்துக்குள் எண் போன்ற குறிகள் இருக்கும், வெறும் ஷிஃப்ட்-ஜிஸ் என்று சொன்னால் அங்கே முட்டிக்கொண்டு நின்றுவிடும். ஜிப்புக்குள் கோப்புப்பெயரே உருமாறியிருந்தால் அன்ஜிப்புக்கும் அதே சிபி932-ஐச் சொல்லுங்கள், அல்லது உனார் என்ற பிரிப்பு நிரலைப் பயன்படுத்துங்கள்.

ஆனால் கதை படிக்க மாற்றவே வேண்டாம் என்பேன். திறந்தாலும் இரட்டைக் கோண அடைப்புக்குள் ஃபுரிகானாவும் (கான்ஜியின் வாசிப்பைக் காட்டும் கானா), சதுர அடைப்புக்குள் அச்சுக் குறிப்புகளும் வாக்கியத்துக்கு நடுவே கொட்டிக் கிடக்கும். இறக்கிய ஜிப்பை அப்படியே அவோசோராஈபப்3-க்குக் கொடுங்கள். ஜாவாவில் ஓடும் திறமூல நிரல். ஃபுரிகானா எழுத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, செங்குத்து வரியில் ஈபப் மின்னூல் கிடைக்கும். முன்கூட்டியே யுடிஎஃப்-8 ஆக்கிவிட்டுக் கொடுத்தால் உள்ளீட்டுக் குறிமுறையையும் மாற்ற வேண்டும். மறந்தால் உருமாறிய ஈபப்தான் வரும்.

இன்னொன்று: ஒரே கதைக்குப் பல பதிப்புகள் இருக்கும். ‘ஷின்ஜி ஷின்கானா’ என்று குறித்ததை எடுங்கள், புது எழுத்து, புதுக் கானா. பழைய கானாவில் பட்டாம்பூச்சி ‘தெஃபு’ என்று எழுதியிருக்கும். இன்றைய சோ-வை மட்டும் அறிந்த அகராதி அங்கே கையை விரிக்கும்.

தேடும் எழுத்தாளர் இல்லையே என்று குழம்ப வேண்டாம். ஜப்பானில் பதிப்புரிமைக் காலம் ஆசிரியர் இறந்து 50 ஆண்டு என்பது 2018 டிசம்பர் 30 அன்று 70 ஆனது. 1967 வரை இறந்தவர்களின் எழுத்துகள் பதிப்புரிமையிலிருந்து வெளியே வந்துவிட்டன, 1968-ல் இறந்தவர்களுக்கு 2039 வரை பூட்டு.

நள்ளிரவு_டெர்மினல்:

குழுவின் இயல்பை மாற்றியதும் மோஸ்க் சரியாகிவிட்டது. குரோமியத்துக்கு வெர்ச்சுவல் கீபோர்டு பக்கமும் கொடியும் இரண்டுமே தேவைப்பட்டன. ஈபப் நன்றாக வந்திருக்கிறது. அதில் சொல்லின் மேல் சுட்டியை வைத்துப் பொருள் பார்க்க வழி?

ரோமாஜி_ராணி:

யோமிதான் என்ற உலாவி நீட்சி. 2023-ல் நின்றுபோன யோமிச்சானின் தொடர்ச்சி. நிறுவியதும் ஒன்றும் நடக்காது, அகராதியை நீங்கள்தான் ஏற்ற வேண்டும். ஜிதெண்டெக்ஸ் போதும், அதன் அடித்தளம் ஜிம் பிரீன் தொடங்கிய ஜேஎம்டிக்ட் என்ற ஜப்பானிய அகராதி. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு சொல்லின் மேல் சுட்டியைக் கொண்டுபோனால் பொருள் வரும். வினைவிகுதியை அதுவே கழற்றிப் பார்க்கும்.

நீட்சி உலாவிக்குள் மட்டுமே வேலை செய்யும். அதனால் ஈபப்பை உலாவியிலேயே ஓடும் ட்சு ஈபுக் ரீடரில் திறவுங்கள், செங்குத்து வரியும் அதில் உண்டு.

ஆங்கிக்கு ஆங்கிகனெக்ட் ஆட்-ஆன், எண் 2055492159. ஆங்கி திறந்திருந்தால்தான் அட்டை போய்ச் சேரும். உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் 8765-ஐத் திறந்து ஆங்கிகனெக்ட் என்ற பெயர் வந்தால் இணைப்பு இருக்கிறது. அட்டைக்குச் சொல், வாசிப்பு, பொருள், வாக்கியம் என நாலு புலம் போதும். வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள்.

கட்டளைவரி_கிழவர்:

ஆங்கி 23.10-க்கு முந்தையது என்றால் எஃப்எஸ்ஆர்எஸ் (அட்டை மறுபடி எப்போது வர வேண்டும் என்று கணிக்கும் முறை) கிடையாது, புதியதைப் போடுங்கள். நினைவில் நிற்க வேண்டிய விகிதம் 0.90-லேயே இருக்கட்டும். 0.95 என்று ஏற்றினால் தினசரி அட்டைகள் மளமளவென்று கூடும். மறந்துபோன சொல்லுக்கு மனசு வராமல் ‘ஹார்டு’ அழுத்தாதீர்கள். எஃப்எஸ்ஆர்எஸ் அதை நினைவிருந்ததாகவே எடுத்துக்கொண்டு அடுத்த தேதியைத் தள்ளிப்போடும். மறந்தால் ‘அகெயின்’தான்.